பதவி திரும்புமா, பணம் கிடைக்குமா?

கேள்வி: சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான, தொழில் வல்லுநர்களின் சங்கம் ஒன்றில் 9 ஆண்டுகள் தலைமை நிர்வாக அலுவலராக இருந்தேன், 12 ஊழியர்கள் எனக்குக் கீழ் வேலை பார்த்தார்கள். புதிய செயற்குழு வந்த மூன்றாம் மாதம், ‘நம்பிக்கை இழந்துவிட்டோம்’ என்று ஒரே வரியில் கடிதம் கொடுத்து, அன்றே அறைச் சாவியையும் வாங்கிக்கொண்டார்கள். விசாரணை எதுவும் இல்லை. பணி ஆணையில் 3 மாத முன்னறிவிப்பு உண்டு. அடிப்படைச் சம்பளம் 78,000 ரூபாய். மீண்டும் வேலையில் சேர வழக்குப் போடலாமா?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் ஆற்றாமை நியாயமானதே, ஆனாலும் ‘மீண்டும் வேலை’ என்பதை முதல் கோரிக்கையாக வைக்காதீர்கள். மேலாண்மைப் பணி செய்பவர் 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டப்படியும் ‘தொழிலாளர்’ அல்ல, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுகள் தொகுப்புப்படியும் அல்ல. நீதிமன்றம் பதவியின் பெயரைவிட உண்மையில் செய்த வேலையைத்தான் பார்க்கும் என்றாலும், 12 பேரை நிர்வகித்த உங்களுக்கு அது உதவாது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, 6 மாதம் தொடர்ந்து பணியாற்றியவரைத் தக்க காரணமின்றி நீக்கக் கூடாது என்கிறது. மேலாண்மைப் பொறுப்பில் உள்ளவர்களையோ அதன் 4-ஆம் பிரிவு விலக்கிவிடுகிறது.

மிஞ்சுவது உரிமையியல் நீதிமன்றம். விருப்பமில்லாத முதலாளியின் தலையில் ஊழியரைக் கட்டிவைப்பதில்லை என்பது அங்கு பழைய விதி. அரசு ஊழியர், தொழிலாளர் சட்டப் பாதுகாப்பு உள்ளவர், சட்டத்தை மீறிச் செயல்பட்ட சட்டப்பூர்வ அமைப்பின் ஊழியர் ஆகிய மூவருக்கே விலக்கு. பட்டயக் கணக்காளர் கழகம்போல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான அமைப்பு வேறு, பதிவு மட்டுமே செய்துகொண்ட சங்கம் வேறு என்ற வேறுபாட்டை, முதல்வர் ஒருவர் நீக்கப்பட்ட வைஷ் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

ஆகவே நஷ்டஈடு கேளுங்கள். முன்னறிவிப்புக் காலம் ஒப்பந்தத்திலேயே இருப்பதால், பெரும்பாலும் அந்த 3 மாதச் சம்பளத்தோடு தொகை நின்றுவிடும். வழக்குப் போட 3 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குமுன் சங்கத்தின் துணைவிதிகளைப் புரட்டுங்கள். நீக்கும் அதிகாரம் செயற்குழுவுக்கு என்றிருக்க, கூட்டமும் தீர்மானமும் இல்லாமல் தலைவரும் செயலாளரும் மட்டும் கையெழுத்திட்டிருந்தால், அதுவே பேச்சுவார்த்தையில் உங்களுக்குப் பெரிய பிடி.

பணிக்கொடை தனிக் கணக்கு. மேலாளருக்கும் அது உண்டு. 78,000-ஐ 26-ஆல் வகுத்தால் நாள் ஒன்றுக்கு 3,000. ஆண்டுக்கு 15 நாள் வீதம் 9 ஆண்டுக்கு 4,05,000 ரூபாய் வரும். ‘நம்பிக்கை இழந்தோம்’ என்ற வரியை வைத்து அதை நிறுத்திவைக்க முடியாது.

காசோலையோடு ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த ரசீதையும் நீட்டுவார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, ‘என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி’ என்று கைப்பட எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒரு நகலையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.