சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பது வேதத்துக்கு விரோதமா?

விசுவாசிகள் ஒப்பாரி வைக்கக் கூடாது என்று உங்கள் சபையில் சொல்வதாகவும், பைபிளில் அப்படி இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சும்மா யாரும் இதைக் கேட்க மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் யாரையோ அழவிடாமல் அடக்கியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் பெரியம்மா இறந்தபோது, அத்தை பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராகம் போட்டு அழ ஆரம்பித்தார். தெருப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். பெரியம்மா பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது, உடன்பிறந்தவர்கள் திரும்பிப் பார்க்காதது எல்லாம் வரிசையாக வந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த சபை ஊழியர் (போதகர்) ஒருவர் மைக்கை வாங்கி, "நம்பிக்கை இல்லாதவர்கள்தான் இப்படி அழுவார்கள். பிள்ளை செத்ததும் தாவீது ராஜா எழுந்து குளித்துச் சாப்பிடவில்லையா?" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து காபி கொடுக்கும்போது கேட்டேன். "ஐயா, அதே தாவீது இன்னொரு மகன் அப்சலோம் இறந்தபோது 'என் மகனே' என்று கதறினாரே? போரில் இறந்த சவுல் ராஜாவுக்கும் அவர் மகன் யோனத்தானுக்கும் புலம்பல் பாடி, அதை யூதா மக்களுக்குக் கற்றுக்கொடுக்கச் சொன்னாரே? அவர் குளித்துச் சாப்பிட்டதைப் பார்த்து வேலைக்காரர்களே இதென்ன என்று கேட்டார்களே?" "அது வேற சந்தர்ப்பம் தம்பி" என்று டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் இறையியல் படித்தவன் இல்லை, எபிரேயமும் தெரியாது. தமிழ் பைபிளைத் திறந்தாலே போதும். எரேமியா 9-ல் புலம்பற்காரிகளை வரவழைக்கச் சொல்வது கர்த்தர்தான். கைதேர்ந்த பெண்களைக் கூப்பிடுங்கள், மகள்களுக்கும் தோழிகளுக்கும் கற்றுக்கொடுங்கள் என்று வருகிறது. மோசேக்கு ஜனங்கள் 30 நாள் அழுதார்கள். மெகிதோவில் அடிபட்டு இறந்த யோசியா ராஜாவுக்கு எரேமியா தீர்க்கதரிசியே புலம்பல் பாடினார். பாடகர்களும் பாடகிகளும் அதைத் தொடர்ந்து பாடிவந்ததாக 2 நாளாகமம் 35 சொல்கிறது.

கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேம் ஆலயத்தை எரித்தபின் வந்த புலம்பல் புத்தகம் இன்னும் பெரிய சாட்சி. அதன் 5 அதிகாரங்களில் முதல் நான்கு, வசனங்கள் எபிரேய எழுத்து வரிசைப்படி தொடங்கும்படி கட்டப்பட்டவை. அந்த அழிவுக்கு நடுவிலும் உட்கார்ந்து செய்நேர்த்தியோடு அழுதிருக்கிறார்கள். கடைசி அதிகாரத்தில் பேசுவது ஒரு ஆள் இல்லை, நாங்கள் என்று ஊரே பேசுகிறது. தண்ணீரைக்கூடக் காசுக்கு வாங்கிக் குடிக்கிறோம் என்கிறது. எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற தொனியில், ஆறுதலே இல்லாமல் முடிகிறது. யூதர்கள் ஆலயம் அழிந்ததை நினைத்துத் துக்கப்படும் நாளான, தங்கள் நாட்காட்டியின் ஆப் மாதம் 9-ஆம் நாள் இரவு இதை ஜெபஆலயத்தில் வாசிக்கிறார்கள். அந்த வரியோடு நிறுத்த மனம் வராமல் அதற்கு முந்தைய வசனத்தை இன்னொரு முறை சொல்வார்கள். சங்கீதம் 44-ஐயும் பாருங்கள், ஏன் தூங்குகிறீர் என்று கடவுளையே கேட்கிறது. எங்கள் அத்தை அந்த அளவுக்குக்கூடப் போகவில்லை.

இதற்குக் கீழே லேவியராகமம் 19:28-ஐத் தூக்கிக்கொண்டு வருவார்கள், தெரியும். அது செத்தவர்களுக்காக உடம்பைக் கீறிக்கொள்வதைத் தடுக்கிறது, அழுவதை இல்லை. எசேக்கியேல் தீர்க்கதரிசி தன் மனைவி இறந்தும் அழவில்லையே என்பார்கள். அழாதே என்று அவருக்குத் தனிக் கட்டளை வந்தது. ஜனங்கள் அதைப் பார்த்து, இதற்கு என்ன அர்த்தம் என்று விசாரித்தார்கள். அழாமல் இருந்ததுதான் அங்கே விசித்திரம்! 1 தெசலோனிக்கேயர் 4:13-ம் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கப்படாதீர்கள் என்கிறதே தவிர, துக்கப்படவே கூடாது என்று சொல்லவில்லை.

அப்புறம் இன்னொன்று. பெரியம்மாவின் அடக்கத்தில் அழுகைக்கு நேரமில்லை என்றவர்கள், சபைக் கமிட்டிக்காரர்கள் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவதற்கு மட்டும் நேரம் கொடுத்தார்கள். ஒருவர் வரப்போகும் கமிட்டித் தேர்தலைப் பற்றிக்கூடப் பேசினார். லைவ் எடுக்க வந்த பையன் முகம் சரியாகத் தெரிய வேண்டும் என்று மாலைகளை எடுக்கச் சொன்னான். அதற்கு ஒரு ஊழியரும் மைக்கைப் பிடிக்கவில்லை.