எந்த வில்லியம் உங்க தாத்தா?

கேள்வி: வணக்கம் சார். எங்க ஆயா வழியில ஒரு வெள்ளைக்கார தாத்தா உண்டுன்னு சின்ன வயசுலேர்ந்து கேட்டிருக்கேன். ஆயா போனப்புறம் தகரப் பெட்டியக் கொட்டினா ஒரு பழைய பைபிள், முதல் பக்கத்துல வில்லியம்னு பேர், கீழ நார்ஃபோக்னு மட்டும் எழுதியிருக்கு. ஓ.டி. (ஓல்டு டவுன்) கல்லறைத் தோட்டத்துல அவர் கல்லும் இருக்கு, 1861, வயசு 43ன்னு. இங்கிலாந்து சர்ச் ரெஜிஸ்டர்ல தேடினா அவரோட அப்பா அம்மா கிடைப்பாங்களா? நெட்ல அதே பேர், அதே குடும்பப் பேர்ல பதினேழு பேர் வராங்க, தலை சுத்துது.
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பதினேழுதானா, பரவால்ல மேடம். வில்லியம், ஜான், தாமஸ்னு பேர் வைக்கிறதுல அந்தக் காலத்து இங்கிலீஷ்காரங்க ரொம்ப சிக்கனம், நம்ம ஊர்ல தெருவுக்கு நாலு முருகன் இருக்கிற மாதிரிதான். நெட்ட கொஞ்சம் மூடி வச்சிட்டு இந்தப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க.

1690ல தேவனாம்பட்டினம் கோட்டைய மராத்தாக்காரங்ககிட்ட வாங்கி, பீரங்கி குண்டு விழுந்த தூரம் வரைக்கும் எங்களுதுன்னு ஈஸ்ட் இந்தியா கம்பெனி வளைச்சுப் போட்ட ஊர் நம்மளது (குண்டு கிராமம்னு பெரியவங்க சொல்வாங்களே, அதான்). இந்த மாதிரி ஊர் சர்ச்ல நடந்த ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாத்தையும் காப்பி எடுத்து மெட்ராஸ் வழியா லண்டனுக்கு அனுப்பினாங்க, 1698லேர்ந்து உள்ள அந்தக் காப்பி இப்ப பிரிட்டிஷ் லைப்ரரியில என்/2ங்கிற வரிசையில இருக்கு. அதுல உங்க தாத்தாவோட கல்யாணமும் பிள்ளைங்க ஞானஸ்நானமும் கிடைச்சா அவர் என்ன வேலை பார்த்தார்னு பாருங்க. சோல்ஜர்னு வந்துச்சுன்னா கம்பெனி ஆள் எடுத்த ரெஜிஸ்டர்ல பிறந்த ஊர் மாட்ட வாய்ப்பு அதிகம். நமக்கு வேண்டியது அந்த ஊர் பேர் ஒண்ணுதான், ஏன்னா நார்ஃபோக்ங்கிறது இங்கிலாந்துல ஒரு ஜில்லா, அதுக்குள்ள நூத்துக்கணக்குல பங்கு (ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி) உண்டு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரெஜிஸ்டர்.

அந்த ரெஜிஸ்டர் பழக்கம் 1538ல இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றி காலத்துல அவரோட மந்திரி தாமஸ் குரோம்வெல் போட்ட உத்தரவுல ஆரம்பிச்சது. அப்புறம் ரெஜிஸ்டர் வைக்கிற பொட்டிக்கு மூணு பூட்டு போடணும், ஒரு சாவி பாதிரியார்கிட்ட, மத்த ரெண்டும் சபை வார்டன்கள்கிட்டன்னு சட்டம் வந்துச்சு, நம்ம கோயில் உண்டியல் மாதிரியே. உங்களுக்கு அவ்வளவு பின்னாடி போக வேண்டியதில்ல. 1861ல 43ன்னா 1817 இல்ல 1818ல பிறந்திருக்கணும், ஆனா கல்லுல இருக்கிற வயசு செத்தவர் சொன்னது இல்ல, பக்கத்துல நின்னவங்க சொன்னது, அதனால 1814லேர்ந்து 1821 வரைக்கும் தேடுங்க. இதுல உங்களுக்கு ஒரு நல்ல நேரம் என்னன்னா 1813லேர்ந்து ஞானஸ்நானத்துக்கு அச்சடிச்ச பாரம் வந்துடுச்சு, பிள்ளை பேர், அப்பா அம்மா பேர், எந்த ஊரு, அப்பா என்ன தொழில்னு கட்டம் கட்டமா இருக்கும். அதுக்கு முந்தினதுன்னா சில பாதிரியார் ஒரே வரியில முடிச்சிடுவார். அதுல இருக்கிறது ஞானஸ்நானத் தேதி, பிறந்த தேதின்னு நினைச்சிடாதீங்க, மூணு பிள்ளைங்களுக்கு ஒரே நாள்ல சேர்த்துக் கொடுத்த குடும்பமும் உண்டு.

சரியான வில்லியம் கிடைச்சுட்டார்னு தோணினா உடனே அடக்க ரெஜிஸ்டரப் புரட்டுங்க, நிறைய பேர் விடுற இடம் இதுதான். அந்தக் குழந்தைய ரெண்டு வயசுல புதைச்சிருந்தா அது உங்க தாத்தா இல்ல, அவன் கடலூருக்குக் கப்பல் ஏறவே முடியாது. செத்த பிள்ளை பேரையே அடுத்த பிள்ளைக்கு வைக்கிறதும் சகஜம், அதனால தொடர்ந்து பாருங்க.

அப்பா அம்மா கல்யாணம் தனி புக்ல இருக்கும். மூணு ஞாயிறு ஓலை (சர்ச்ல கல்யாண அறிவிப்பு) வாசிச்சதும் 1754லேர்ந்து எழுதி வச்சிருக்காங்க, பொண்ணு மாப்பிள்ளை கையெழுத்தும் சாட்சிங்க கையெழுத்தும் இருக்கும், எழுதத் தெரியாதவங்க ஒரு பெருக்கல் குறி போட்டிருப்பாங்க, நம்ம கைநாட்டுதான். சாட்சி பேர விடாதீங்க, அண்ணன் தம்பியா இருக்கலாம்.

ஃபேமிலிசெர்ச் (FamilySearch), ஃப்ரீரெக் (FreeREG)னு ரெண்டு வெப்சைட்டும் ஓசி, ஆனா அதுல பேர் போட்டுத் தேடினா வர்றது ரெஜிஸ்டரப் பார்த்து எடுத்த காப்பிதான், கடைசியில ஸ்கேன் பக்கத்த நீங்களே கண்ணால பார்க்கணும். ஒண்ணுமே கிடைக்கலன்னா அவங்க இங்கிலாந்து சர்ச்ல சேராத மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைக்காரங்களா இருந்திருக்கலாம், அவங்களுக்குத் தனி ரெஜிஸ்டர்.

கல்லறைக்குப் போறப்ப சுண்ணாம்பு தேய்ச்சு எழுத்த எடுக்காதீங்க, கல்லு போயிடும். காலையில சாய்ஞ்ச வெயில்ல பக்கவாட்டுல நின்னு போன்ல எடுங்க, அந்த 43 ஒருவேளை 48ஆ இருந்தாலும் இருக்கும்.