அத்தை சுமந்த அரிசி

அன்புள்ள ஐயா,

நான் மார்த்தாண்டத்துக்காரன், வேலை திருவனந்தபுரத்தில். 2021 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 என்ற வீடியோ கேம் பெட்டி இந்தியாவுக்கு வந்தபோது ஐந்து கணக்குகளிலிருந்து முயன்று இரண்டு பெட்டிகள் வாங்கினேன். 49,990 ரூபாய்ப் பெட்டியை 68,000க்கு விற்றேன். அதிலிருந்து இதை ஒரு பக்கத் தொழிலாகச் செய்கிறேன். எண்ணிக்கை குறைவாக வரும் போன், ஷூ, காரியவட்டம் மைதானத்து கிரிக்கெட் டிக்கெட் எல்லாம் உண்டு. அப்பா இதைக் கள்ளச்சந்தை என்கிறார். இரண்டு மாதமாக என்னிடம் பேசுவதில்லை. நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. விலை ஏறினால்தான் உண்மையில் வேண்டியவருக்குப் பொருள் போய்ச் சேரும் என்று பொருளாதாரம் சொல்கிறது. நான் விட்டால் இன்னொருவன் செய்வான். விமானக் கம்பெனிகள் செய்யாததா? அதுவும் இது அரிசி இல்லை, விளையாட்டுப் பெட்டி. அந்த இரண்டில் ஒன்றை வாங்கத் தென்காசியிலிருந்து ஒருவர் பஸ்ஸில் வந்தார், மகனுக்காக. பணத்தை இரண்டு தடவை எண்ணித் தந்தார், ஒன்றும் பேசவில்லை. ஏனோ அவர் முகம் மறக்கவில்லை. அப்பாவுக்கு இதை எப்படிப் புரியவைப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

"இது அரிசி இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். போன வாரம் என் அத்தையின் நினைவுநாள். அன்றிலிருந்து அரிசியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தை அரிசி கடத்தியவள்.

உங்கள் வயதுக்கு அந்தக் காலம் தெரிந்திருக்காது. நம் குமரியும் சேர்ந்திருந்த அன்றைய திருவிதாங்கூருக்குத் தன் நெல் எப்போதும் போதாது. பர்மா அரிசியை நம்பி இருந்த ஊர் அது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த அரிசி நின்றது. உங்கள் விளவங்கோடு பக்கத்துக் கிழவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், மூன்று வேளையும் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, தின்ற கதையைச் சொல்வார்கள். 1956 நவம்பர் 1ஆம் தேதி குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நாம் விரும்பிப் போராடிப் பெற்றதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தலைமுறை தலைமுறையாக மேற்கே போய்க்கொண்டிருந்த நாஞ்சில்நாட்டு நெல்லுக்குக் களியக்காவிளையில் ஒரு கோடு விழுந்தது. அறுபதுகளின் நடுவில் மாநிலம் விட்டு மாநிலம் அரிசி போகத் தடை வந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1964இல் அரிசிக்குப் பெரும் திண்டாட்டம்.

அத்தைக்கு அப்போது முப்பது வயதுகூட இல்லை. மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது, கையில் இரண்டு பிள்ளைகள். பழைய வேட்டியைக் கிழித்து நீளக் குழல்போல ஒரு பை தைத்து வைத்திருந்தாள். வடசேரிச் சந்தையில் எட்டுக் கிலோ அரிசி வாங்கி அதில் நிரப்பி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொள்வாள். மேலே சேலை. பார்க்கிறவர்களுக்குப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி இருக்கும். தாலி இல்லாத கழுத்தோடு அப்படி பஸ்ஸில் ஏறி உட்காருவதற்கு ஒரு பெண்ணுக்கு என்ன நெஞ்சு வேண்டும் என்று வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. படந்தாலுமூட்டில் இறங்கி, ரோட்டை விட்டு, தோட்டங்கள் வழியாகக் கேரளத்துப் பாறசாலைக்கு நடப்பாள். கிலோவுக்கு நாலணா கிடைத்தால் அது நல்ல நாள்.

ஒருநாள் பிடிபட்டாள். போலீஸ்காரர் பிளேடால் பையைக் கீறிவிட்டார். ரோட்டில் கொட்டிய அரிசியை மண்ணோடு முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள். ராத்திரி எங்கள் வீட்டு முற்றத்தில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு சுளகில் புடைத்தாள். எனக்கு எட்டு வயது, கூட உட்கார்ந்து கல் பொறுக்கினேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். "நாளைக்கு இதையேதான் கொண்டுபோவேன் மக்கா, வேற என்ன செய்ய" என்றாள்.

எங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருந்தது. பெயர் வேண்டாம், பேரப்பிள்ளைகள் நல்லவர்கள். அந்த வீட்டுப் பத்தாயத்தில் இரண்டாம் போகத்துக் கும்பப்பூ நெல் நிறைந்து கிடக்கும். ஆடி மாதம் ஆனால் தெருவில் பாதி வீட்டில் கஞ்சிக்கு வழி இருக்காது. கையில் காசோடு போய் நின்றால் அவர் திண்ணையில் இருந்தபடியே "இல்லை" என்பார். அன்று இரவே அவர் வீட்டுப் பின்வாசலில் லாரி நிற்கும்.

இரண்டு பேரும் செய்தது ஒரே வியாபாரம்தானே? மலிவாக வாங்கி, கிடைக்காத இடத்தில் கூட்டி விற்றார்கள். சட்டப்படி இரண்டுமே குற்றம். பிறகு ஏன் அத்தையை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றுகிறது, அந்த மனிதரை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது? அத்தை ஏழை என்பதால் இல்லை. அவள் அன்று கிளம்பாமல் வீட்டில் படுத்திருந்தால் பாறசாலையில் சில வீடுகளில் உலை வைத்திருக்க மாட்டார்கள். அந்த மனிதர் இல்லாமல் போயிருந்தால் எங்கள் தெருவில் கூடுதலாகச் சில வீடுகளில் உலை கொதித்திருக்கும். அவள் அரிசி இல்லாத இடத்துக்கு அரிசியைக் கொண்டு சேர்த்தாள். அவர் இருந்த இடத்தில் அதை இல்லாமல் ஆக்கினார்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முன்பதிவு திறந்தது. நீங்கள் ஐந்து கணக்கோடு உட்கார்ந்திருந்தீர்கள். அன்று நீங்கள் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே இரண்டு பெட்டிகள் வேறு இரண்டு பேருக்கு 49,990க்குப் போயிருக்கும். தென்காசிக்காரரே ஒன்றை வாங்கியிருக்கலாம். அவர் ஒரு கணக்கோடு, அநேகமாகத் திணறும் இணையத்தோடு, அதே நிமிடத்தில் முயன்றிருப்பார். அவர் முன்னால் ஐந்து பேராக நின்றது நீங்கள். அந்த நான்கு பொய்யான ஆட்களை மறுபடி மறுபடி நினைத்துப் பாருங்கள். ரேஷன் கடை வரிசையில் ஒருவன் நான்கு வைக்கோல் பொம்மைகளைக் கொண்டுவந்து நிறுத்தினால் என்ன செய்வோம்? தூக்கி எறிவோம். உங்கள் பொம்மைகள் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால் தப்பித்தீர்கள். வரிசையை மறித்து நின்றுவிட்டு, அவர் உங்களிடம் வந்தபோது, "வேண்டுமா, 18,010 ரூபாய் கூடுதல்" என்றீர்கள். "யாரையும் கட்டாயப்படுத்தவில்லை" என்று எனக்கே எழுதுகிறீர்கள். வேறு வழியை அடைத்தபிறகு கட்டாயப்படுத்த என்ன தேவை இருக்கிறது?

விலை ஏற்றமே பாவம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். தோவாளைப் பூச்சந்தைக்கு விடிகாலையில் போயிருக்கிறீர்களா? சில நூறு ரூபாய்க்குப் போகும் பிச்சி, ஓணத்துக்கு முந்தின நாள் ஆயிரத்தைத் தாண்டும். யாரும் சாபம் விடுவதில்லை. இருட்டில் மொட்டு பறித்தவளுக்கும் அதில் கொஞ்சம் போகிறது. அதோடு, பூவைப் பதுக்க முடியாது. சாயங்காலம் வாடிவிடும். வியாபாரியும் பூவோடு சேர்ந்து வாடத் தயாராக இருக்கிறான். 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலுக்குப் பிறகு எங்கள் தெருவில் பத்து நாளுக்கு மேல் கரண்ட் இல்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் மினி டெம்போவில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு தண்ணீர் டாங்க் நிரப்பித் தந்தான். டாங்குக்கு 500 ரூபாய். அதிகம்தான், ஆனால் சாய்ந்த மரங்களுக்கு நடுவே அவன் வந்தானே! நான் கொடுத்து, சாப்பாடும் போட்டேன். அதே வாரம் ஒரு கடையில் மெழுகுவர்த்திப் பெட்டிகளைப் பலகைக்கு அடியில் தள்ளிவிட்டு "ஸ்டாக் இல்லை" என்றார்கள். திரும்ப அந்தக் கடைக்கு நான் போகவில்லை.

நீங்கள் சொல்லும் பொருளாதாரம் அந்த ஜெனரேட்டருக்குப் பொருந்தும். விலை ஏறியது, பொருள் ஊருக்குள் வந்தது. உங்கள் 68,000 எந்தப் பொருளைக் கூட்டிக்கொண்டு வந்தது? அப்போது உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு. நீங்கள் வாங்கிய 18,010 ரூபாயில் ஒரு பைசாகூட அந்தப் பெட்டியைச் செய்த தொழிற்சாலைக்குப் போகவில்லை. இன்னொரு பெட்டி அதனால் உருவாகவில்லை. "வேண்டியவருக்குப் போகும்" என்பதும் சரியில்லை. காசு உள்ளவருக்குப் போகும். இரண்டும் ஒன்று என்று நம்புகிறவர் பணத்தை இரண்டு தடவை எண்ணுகிறவரைப் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பெட்டியில் விலை அச்சிட்டிருக்கிறது. அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது 2011 முதல் சட்ட அளவியல் விதிகளிலேயே இருக்கிறது. அதைக் காட்டி உங்களைப் பயமுறுத்த நான் விரும்பவில்லை. அத்தையும் சட்டத்தை மீறியவள்தான்.

இன்னொருவன் செய்வான் என்பதற்கெல்லாம் பதில் கிடையாது. செய்யட்டும். விமானக் கம்பெனியை விடுங்கள், அது உங்கள் வீட்டுப் பிள்ளை இல்லை.

விளையாட்டுப் பெட்டிதானே என்ற பேச்சை மட்டும் என்னால் விட முடியாது. அதே 2021இல், மூன்று மாதம் கழித்து, சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி முன்னால் கொரோனாவுக்குக் கொடுத்த ரெம்டெசிவிர் மருந்துக்காக ஜனங்கள் ராப்பகலாக வரிசையில் நின்றார்கள். அந்த மருந்தைப் பரிந்துரைக்க முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் முந்தின நவம்பரிலேயே சொல்லியிருந்தது. ஆனால் வீட்டில் ஒருவர் மூச்சுக்குத் தவிக்கும்போது யார் அதைக் கேட்பார்கள்? அந்தக் குப்பிகளையும் சிலர் வாங்கி வைத்துப் பல மடங்குக்கு விற்றார்கள். நீங்கள் அவர்கள் இல்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அந்த மே மாதத்தில் புதிதாக எதையும் கற்றுக்கொள்ளவில்லை. கிடைக்காத பொருள் எது, தவிக்கிறவன் யார் என்று பார்க்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே பழகியிருந்தது. உங்கள் அப்பா இரண்டு மாதமாகப் பேசாமல் இருப்பது அந்தக் கண்ணுக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன். அவருக்கு நீங்கள் புரியவைக்க ஒன்றும் இல்லை, தம்பி.

தென்காசிக்காரரின் எண் உங்கள் போனில் இன்னும் இருக்கும். கூப்பிட்டு, 18,010 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லுங்கள். அந்தப் பையன் இப்போது கல்லூரியில் இருப்பான், அவனைப் பற்றியும் கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.