வெள்ளைக் கவசம் உடம்பில் உட்கார வேண்டுமானால்: ஸ்டார்ம்ட்ரூப்பர் கிட் கேள்வி பதில்

1977-இல் வெளியான முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் வரும் ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரனின் வெள்ளைக் கவசத்தைக் கிட்டாக வாங்கி, வீட்டிலேயே வெட்டி ஒட்டி அணிந்துகொள்வது குறித்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். எனக்கென்று இரண்டும் நண்பர்களுக்காக ஐந்துமாக இதுவரை ஏழு கவசங்களில் கை வைத்திருக்கிறேன். அசல் தலைக்கவசங்கள் 1976-இல் வடிக்கப்பட்ட ட்விக்கன்ஹாம், லண்டனில் என் வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் போய்விடும் தூரம்தான். அதைத் தவிர வேறு தகுதி எதையும் நான் கோரவில்லை.

கேள்வி (கோலாலம்பூர்): பெட்டியைத் திறந்தால் வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக் தகடுகளாக இருக்கின்றன. எண்ணும் இல்லை, செய்முறைக் குறிப்பும் இல்லை. ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. கிட் என்றால் பெரும்பாலும் இப்படித்தான் வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் தாளைச் சூடாக்கி, அச்சின் மேல் போர்த்தி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்தால் தாள் அச்சோடு ஒட்டி அதன் வடிவத்தைப் பெறுகிறது. படத்திற்கான கவசமும் இந்த முறையில்தான் செய்யப்பட்டது. இன்றைய கிட்டுகளில் தாளின் கனம் பெரும்பாலும் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் வரை இருக்கும். கை, கால் பகுதிகள் ஒவ்வொன்றும் முன்பாதி, பின்பாதி என்று இரண்டு துண்டுகளாக இருப்பதால், பார்ப்பதற்கு உடைந்த வாளிகளைக் குவித்து வைத்ததைப் போலத்தான் தோன்றும்.

முதல் நாள் கத்தியைத் தொட வேண்டாம். எல்லாவற்றையும் தரையில் ஓர் ஆள் படுத்திருப்பதைப் போலப் பரப்பி, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, இடது, வலது, முன், பின் என்று எழுதிவிடுங்கள். அடையாளத்திற்கு இரண்டு குறிப்புகள் தருகிறேன். தோட்டா அறைகளைப் போன்ற கட்டங்கள் வலது தொடையின் கீழ் விளிம்பைச் சுற்றி வரும். முழங்காலின் மேல் துருத்தும் சதுரமான தகடு இடது கணைக்காலுக்கு உரியது. என் முதல் கவசத்தில் இந்த எழுத்து வேலையைச் சோம்பலால் விட்டுவிட்டு, இடது கணைக்காலின் வெளிப்பாதியையும் வலது கணைக்காலின் உள்பாதியையும் சேர்த்து ஒட்டினேன். இரண்டு நாள் கழித்துக் காலை நுழைத்துப் பார்த்தபோதுதான், அது எந்த மனிதக் காலுக்கும் பொருந்தாத உறுப்பு என்பது புரிந்தது.

கேள்வி (டொராண்டோ): அண்ணா, நான் ஐந்தடி நான்கு அங்குலம், என் தம்பி ஆறடிக்கு மேல். இருவருக்கும் ஒரே கிட்டைத்தான் விற்கிறார்கள். அது எப்படிப் பொருந்தும்?

கிட்டுக்குப் பெரும்பாலும் அளவு என்பதே கிடையாது தம்பி, வெட்டுவதில்தான் அளவு வருகிறது. இந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றவற்றில் நேரும் பிழைகளை எப்படியாவது மறைத்துவிடலாம் என்பது என் அனுபவம்.

முதலில், கவசத்தின் அடியில் அணியப்போகும் கறுப்பு உள்ளாடையைப் போட்டுக்கொண்டு அளவெடுங்கள். தொடையையும் கெண்டைக்கால் சதையையும் நின்றபடி ஒருமுறை, நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒருமுறை என்று அளந்து, பெரிய எண்ணைக் கணக்கில் வையுங்கள். கவசத்திற்கும் உடம்பிற்கும் இடையே சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டுமென்றால், சுற்றளவில் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கூடும். உட்கார்ந்த நிலையில் 56 சென்டிமீட்டர் வரும் தொடைக்கு 62 சென்டிமீட்டர் கூடு தேவை. இனி வெட்டும் பக்கத்தைப் பாருங்கள். இரண்டு பாதிகள் சேரும் இடங்கள் இரண்டு, ஆகவே விளிம்புகள் நான்கு. ஒவ்வொன்றிலும் "ஒரு சென்டிமீட்டர்தானே" என்று வெட்டினால், ஒரே மூச்சில் நான்கு சென்டிமீட்டர் போய்விடும். இந்தக் கணக்கைப் போடாமல் வெட்டியவர்கள்தான் மறுபடியும் தொடைத் துண்டுகளை விலைக்குக் கேட்டு எழுதுகிறார்கள்.

முன்பக்கச் சேர்க்கையை அளவுக்காகத் தொடாதீர்கள். கால்களின் முன்பக்கத்தில் இரண்டு விளிம்புகளும் நேருக்கு நேர் முட்டி நிற்க, அவற்றின் மேல் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள மூடு பட்டை ஒட்டப்படும். எனவே முன்பக்கத்தில் ஒவ்வொரு பாதியிலும் 10 மில்லிமீட்டர் தட்டையான பகுதியை விட்டு வெட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, சுருக்க வேண்டியதையெல்லாம் பின்பக்கத்தில் சுருக்க வேண்டும். காலின் பின்பக்கப் பட்டை 25 மில்லிமீட்டர். கைகளுக்கு 15 போதும். மாஸ்கிங் டேப்பால் ஒட்டி, மாட்டி, நடந்து, உட்கார்ந்து, கழற்றி, இரண்டு மில்லிமீட்டர் வெட்டி, மறுபடியும் மாட்டிப் பார்ப்பது சலிப்பான வேலைதான். ஒரு தொடைக்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆகிவிடும். எங்கள் சமையலறை முக்காலியே என் சோதனைக்கூடம்.

உயரத்திற்கு வருவோம். நீங்கள் தொடைத் தகட்டின் மேல் விளிம்பில் குறைக்க வேண்டும், ஏனென்றால் கீழ் விளிம்பில் அந்தத் தோட்டா அறைகள் உட்கார வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் தொடைக் கூடும் கணைக்கால் கூடும் ஒன்றையொன்று கடிக்காத அளவுக்குப் பின்புறத்தில் வளைவாக எடுத்துவிடுங்கள். உங்கள் தம்பிக்கு நேர் எதிரான நிலைமை. அவர் எதையும் நீளவாட்டில் வெட்டாமல், தொங்கும் பட்டைகளின் நீளத்தைக் கூட்டித் துண்டுகளைப் பரவலாக அமைத்துக்கொள்ளலாம். நடுவே கறுப்பு உள்ளாடை சற்று அதிகமாகத் தெரியும், அதனால் குறையொன்றும் இல்லை. இடுப்பு அகலமானவர்கள் வயிற்றுத் தகட்டிற்கும் பின்தகட்டிற்கும் இடையில் வரும் இடைவெளியை, வெட்டி எறிந்த அதே ஏபிஎஸ் துண்டுகளைக் கொண்டு அடைத்துக்கொள்ளலாம். ஆகவே வெட்டிய துண்டு எதையும் குப்பையில் போடாதீர்கள்.

கேள்வி (பாரிஸ்): வெட்டுவதற்கு மின்கருவி அவசியமா?

அவசியமில்லை. நேர்கோடுகளுக்கு இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் இரண்டு மூன்று முறை கீறிவிட்டு மடக்கினால், தகடு கீறலோடு "டக்"கென்று முறியும். வளைவுகளுக்கு, ரிமோட் கார்களின் பிளாஸ்டிக் கூடுகளை வெட்டப் பயன்படுத்தும் வளைந்த முனைக் கத்தரிக்கோல் மிகவும் ஏற்றது. மின்கருவி வேகமாகச் சுழலும்போது பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் உருகிச் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். விளிம்புகளை 220-ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு 400-ஆல் மழுப்பினால் போதும்.

கேள்வி (சிங்கப்பூர்): எந்தப் பசை? சூப்பர் குளூ கையிலேயே இருக்கிறது.

அது கையிலேயே இருக்கட்டும். சூப்பர் குளூ காய்ந்ததும் கண்ணாடியைப் போல இறுகிவிடும். கவசமோ நடக்கும்போதெல்லாம் வளைந்து நெளியும். ஒரு வாசற்படியில் இடித்தால் ஒட்டு மொத்தமாகத் தெறித்துவிடும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கும் கரைப்பான் வகைப் பசை நேர் எதிர். அது இரண்டு தகடுகளையும் ஒன்றாக்கிவிடுவதால் பிழையைத் திருத்தவே முடியாது.

நான் இ6000 என்ற பசையையே சொல்வேன். அது காய்ந்த பின்னும் ரப்பரைப் போல வளைந்து கொடுக்கும். பொறுமையாக உரித்தால் தகட்டுக்குச் சேதமில்லாமல் வந்தும் விடும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இடையில் நம் இடுப்பு ஒரே அளவில் நிற்பதில்லை என்பதால், பிரித்து மறுபடியும் ஒட்டக்கூடிய பசை பெரிய வரம். ஆனால் முழுவதும் இறுக 24 முதல் 72 மணி நேரம் வரை பிடிக்கும். அதுவரை கிளாம்ப், மாஸ்கிங் டேப், நியோடைமியம் காந்தங்கள் ஆகியவற்றால் அழுத்திப் பிடித்து வைக்க வேண்டும். காந்தங்களைத் தகட்டின் இருபுறமும் வைக்கும்போது விரலை நடுவில் விட்டுவிடாதீர்கள். என் கட்டைவிரல் நகம் ஒரு மாதம் கறுத்துக் கிடந்தது. அந்தப் பசையில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் இருப்பதால், சன்னல்களைத் திறந்து வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். குழந்தைகள் உறங்கும் அறையில் கூடவே கூடாது.

கேள்வி (சென்னை): முன்கைக் கூடு வாய் விரிந்து நிற்கிறது. ஹீட் கன் வைத்து வளைக்கலாமா? தலைக்கவசத்தை மட்டும் முப்பரிமாண அச்சில் எடுத்திருக்கிறேன், அதுவும் சரிதானே?

ஹீட் கன்னின் காற்று முந்நூறு டிகிரியைத் தாண்டக்கூடியது. ஏபிஎஸ் இளகத் தொடங்குவதோ சுமார் 105 டிகிரி செல்சியஸில். நீங்கள் சுதாரிப்பதற்குள் தகடு அப்பளமாகிவிடும். அதற்குப் பதிலாக ஓர் அகலமான பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, வளைக்க வேண்டிய பகுதியை மட்டும் அரை நிமிடம் முக்கி எடுத்து, தடித்த கையுறையோடு வேண்டிய வடிவத்தில் பிடித்து, அப்படியே குளிர்ந்த நீரில் காட்டுங்கள். தண்ணீரின் சூடு நூறு டிகிரியைத் தாண்டாது என்பதால் தகடு உருகிவிடும் அபாயம் இல்லை. ஒரே முறையில் படியாவிட்டால் மூன்று முறை செய்யுங்கள்.

அச்சில் எடுத்தது பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கில் என்றால், அது சுமார் 60 டிகிரியிலேயே தளர்ந்துவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனீர்களென்றால், திரும்பி வரும்போது வீரனின் முகம் கோணியிருக்கும். மேலும், வெள்ளை ஏபிஎஸ் தொடர்ந்து வெயில் பட்டால் மஞ்சள் பூக்கும். கவசத்தை மூடிய பெட்டியில் வையுங்கள். வெயிலில் காய வைக்க வேண்டாம்.

கேள்வி (யாழ்ப்பாணம்): போட்டு அரை மணி நேரத்தில் முழங்கையின் உட்புறமும் அக்குளும் கன்றிப்போகின்றன. இதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டுமா?

ஓரளவுக்கு மட்டும். வார்ப்பில் வரும் விளிம்புகள் உள்நோக்கி மடிந்திருக்கும். பார்வைக்குத் தகடு கனமாகத் தெரிவதற்கு அந்த மடிப்பு உதவுகிறது. ஆனால் மணிக்கட்டு, முழங்கையின் உள்வளைவு, கணுக்கால் ஆகிய இடங்களில் அதைத் தயங்காமல் நீக்கி, விளிம்பை மழுப்பிவிடுங்கள். கை உள்ளே நுழைவதற்கே அது தடையாக இருக்கும்.

கன்றலுக்குப் பாதிக் காரணம் பட்டைகள். மேற்கைக் கூடு தன் எடையோடு கீழே வழுகி முன்கைக் கூட்டின் மேல் உட்காரும்போதுதான் சதை நடுவில் மாட்டுகிறது. அதைத் தோள் கிண்ணத்திலிருந்து எலாஸ்டிக் பட்டையால் தொங்கவிட்டால் கடிப்பது நின்றுவிடும். தொடைக் கூடுகளையும் அப்படியே இடுப்பு வாரிலிருந்து தொங்கவிட வேண்டும். நைலான் பட்டைகளில் டிக் பட்டன் அடித்து, அதன் மறுபாதியைச் சிறு ஏபிஎஸ் சதுரத்தில் பதித்துக் கவசத்தின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். வெல்க்ரோ வேர்வையில் நனைந்தால் பிடிப்பை இழக்கும் என்பதால், எடை தாங்கும் இடத்தில் நான் அதை நம்புவதில்லை.

அணியும் வரிசையும் முக்கியம்: காலணி, கணைக்கால், தொடை, வயிற்றுத் தகடு, மார்பும் முதுகும், கைகள், கடைசியில் தலை. வயிற்றுத் தகட்டைப் போட்டபின் குனிய முடியாது. அவிழ்ந்த காலணியை இன்னொருவர்தான் மாட்டிவிட வேண்டும்.

கேள்வி (சிட்னி): தலைக்கவசத்திற்குள் மூச்சு முட்டுகிறது, கண்ணாடியில் ஆவி படிகிறது.

நீச்சல் கண்ணாடிக்குப் பூசும் ஆவித்தடுப்பு மருந்தைத் தடவி, சிறிய மின்விசிறி ஒன்றைக் காற்று கண்ணாடியின் உட்புறம் படும்படி வையுங்கள். குரல் வெளியே கேட்க, சுற்றுலா வழிகாட்டிகள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் சிறு ஒலிபெருக்கியே போதுமானது. பார்வைக்குத்தான் தீர்வு இல்லை. உங்கள் பாதமோ, இடுப்புயரக் குழந்தையோ தெரியாது. கூட்டத்தில் துணைக்கு ஓர் ஆள் இல்லாமல் நடக்கவே கூடாது.

கேள்வி (பினாங்கு): இதை விற்பதும் அணிவதும் சட்டப்படி சரியா? குழுவில் சேர என்ன தகுதி?

வழக்கறிஞர் அல்லாதவனின் பதில் இது. தலைக்கவசங்களை வடித்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த் அவற்றின் நகல்களை விற்றபோது, ஸ்டார் வார்ஸ் படத்தை எடுத்த லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2011-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், அந்தத் தலைக்கவசம் "சிற்பம்" ஆகாது, ஆகவே சிற்பத்திற்குரிய நீண்ட காலப் பதிப்புரிமை அதற்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில், அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக அவர்மீது இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்றும் சொன்னது. எனவே ஒரு நாட்டின் நிலையை இன்னொரு நாட்டுக்குப் பொருத்திப் பார்க்காதீர்கள்.

குழு என்று நீங்கள் கேட்பது 1997-இல் ஆல்பின் ஜான்சன் அமெரிக்காவில் தொடங்கிய 501-ஆவது லீஜியன் என்ற, ஸ்டார் வார்ஸ் உடை அணியும் ரசிகர்களின் குழுவை என்று எண்ணுகிறேன். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும். கவசம் அவர்களது விவரக் கையேட்டோடு ஒத்திருக்க வேண்டும். அணிந்து வருவதற்குத் தனக்கென்று பணம் வாங்கக் கூடாது. அவர்கள் நீங்கள் அனுப்பும் புகைப்படங்களைத்தான் கூர்ந்து பார்ப்பார்கள், உயரத்தை அளப்பதில்லை.

கேள்வி (கோலாலம்பூர், மறுபடியும்): நாளை நிகழ்ச்சி. வயிற்றுத் தகட்டின் ஓரத்தில் விரல் நீளத்திற்கு விரிசல். இன்றிரவே சரியாகுமா?

ஆகும். விரிசலின் கடைசி முனையில் இரண்டு மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டுவிடுங்கள், அது மேலும் ஓடாது. எறியாமல் வைத்திருக்கும் ஏபிஎஸ் துண்டுகளை நகக்கண் அளவுக்கு நறுக்கி, கண்ணாடிக் குப்பியில் அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டால், சில மணி நேரத்தில் தோசை மாவுப் பதத்திற்கு வரும். அடுப்பிலிருந்து அதைத் தள்ளி வையுங்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். விரிசலின் உட்புறத்தில் அந்தக் குழம்பைத் தடவி, மேலே ஒரு துண்டுத் தகட்டை அழுத்தி, இரவு முழுவதும் கிளாம்ப் போட்டு விடுங்கள். வெளிப்புறத்தில் தெரியும் கோட்டை இன்று தொட வேண்டாம், அந்தக் குழம்பு முழுவதும் இறுகாமல் உப்புத்தாள் போட்டால் குழிந்துவிடும். நாளைக்கு இடுப்பு வாரைச் சற்று இறக்கிக் கட்டினால் அது மறைந்துவிடும்.