பட்டறைக்குள் மென்பொருள்: மெக்கானிக்குகள் ஏன் தொடுவதில்லை?

கேள்வி: சங்ககிரியில் 40 லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறோம். சொந்தப் பட்டறையில் ஒன்பது மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பராமரிப்பு, ஸ்பேர், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் மென்பொருளை மூன்று மாதங்களுக்கு முன் வாங்கினோம். அலுவலகத்தில் நன்றாக ஓடுகிறது. பட்டறையில் யாரும் தொடுவதில்லை. கண்டித்தால், எல்லா வேலைக்கும் ‘ஜெனரல் செக்கப்’ என்று ஒரே வரியைப் பதிந்துவிட்டுப் போகிறார்கள். தலைமை மெக்கானிக் என் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். அவர் மனம் நோகவும் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?
– ஒரு வாசகர், சங்ககிரி

பதில்: மென்பொருளை வாங்குவதற்கு முன் தலைமை மெக்கானிக்கிடம் ஒரு வார்த்தை கேட்டதாக உங்கள் கடிதத்தில் இல்லை. கேட்கவில்லை என்றால், தாமதமானாலும் அங்கிருந்தே தொடங்குங்கள்.

புதுக் கருவி என்றாலே அவர்களுக்கு ஆகாது என்று முடிவுகட்ட வேண்டாம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபோது, எஞ்சின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவந்தவர்கள் சென்சார், யூரியாக் கரைசல், எரர் கோடு என்று புதிதாக எத்தனையோ கற்க வேண்டியிருந்தது, கற்றும் கொண்டார்கள். அந்த எரர் கோடுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் அவர்களுடைய வேலையைச் சுலபமாக்கியது. உங்கள் மென்பொருளோ, இதுவரை அவர்களிடம் கணக்கு மட்டுமே கேட்டிருக்கிறது.

அந்தக் கணக்கில் அவர்களை அதிகம் உறுத்துவது, வேலை தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும்தான். துருவேறிய பிரேக் டிரம் ஒன்று கழல மறுத்தால், ஒரு மணி நேர வேலை மூன்று மணி நேரமாகிவிடும். பட்டறையில் நிற்பவருக்கு அது தெரியும். திரையில் சிவப்பு நிறத்தில் ‘தாமதம்’ என்று மட்டும் தெரியும். ஆகவே, இந்த நேரக் கணக்கை வைத்துச் சம்பளத்திலோ போனஸிலோ கை வைக்க மாட்டோம் என்று ஒன்பது பேரையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். அதன் பிறகு ஒரே ஒரு முறை அந்த எண்ணைக் காட்டி யாரையாவது கடிந்துகொண்டாலும், மறுநாளே ‘ஜெனரல் செக்கப்’ திரும்பி வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஆலோசனை சொல்லப் போன ஒரு நிறுவனத்தில், பதிவு செய்யும் டேப்லெட்டை மேலாளர் அறையில் வைத்திருந்தார்கள். மெக்கானிக்குகள் வேலை முடிந்து, டீசலிலும் பிறகு சோப்புத் தூளிலும் கை கழுவி, வீட்டுக்குப் போகும் அவசரத்தில் அந்த அறை வாசலில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அங்கே மூத்த மெக்கானிக் ஒருவரின் சட்டைப்பையில், ஓரமெல்லாம் கறுத்துப்போன சிறிய டைரி ஒன்று இருந்தது. பக்கத்துக்கு ஒரு வண்டி; மேலே வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்; கீழே கிளட்ச் பிளேட் மாற்றிய தேதி, எந்தச் சக்கரத்தில் லைனிங் தேய்ந்திருக்கிறது என்ற குறிப்பு. நிறுவனம் பணம் கொடுத்துத் தேடிய தகவல் அந்தப் பையிலேயே இருந்தது. அவர் வாசிக்க வாசிக்க, அலுவலகத்துப் பெண் ஒருவர் இரண்டு நாட்கள் பட்டறையிலேயே உட்கார்ந்து அதை மென்பொருளில் ஏற்றினார். சில வாரங்கள் கழித்து ஒரு வண்டி சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் சத்தத்தோடு வந்து நின்றது. பெரியவர் கைபேசியில் பார்த்துவிட்டு, பேரிங் போட்டு நான்கு மாதம்தான் ஆகிறது, வாரண்டியில் கேளுங்கள் என்றார். கடைக்காரரும் மாற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து அவரே மற்றவர்களைப் பதியச் சொன்னார். எல்லாரும் மாறிவிடவில்லை. ஒருவர் கடைசி வரை பக்கத்திலிருந்த இளைஞரைக்கொண்டே பதிந்தார். அதில் குறையொன்றும் இல்லை.

நீங்களும் மெக்கானிக்குக்குப் பயன்படும் பகுதியை முதலில் திறந்துவிடுங்கள். கேட்ட ஸ்பேர் வராமல் வண்டியை ஜாக்கியில் ஏற்றிவைத்துக் காத்திருப்பதுதான் பட்டறையின் பெரிய வேதனை. ஆர்டர் போட்டாயிற்றா, எப்போது வந்து சேரும் என்பதை அவர்கள் தங்கள் கைபேசியிலேயே பார்க்க முடிந்தால், அந்த ஒன்றுக்காகவே மென்பொருளைத் திறப்பார்கள். டிரைவர் வழியிலிருந்து சொல்லும் புகார், வண்டி ஊர் வந்து சேரும் முன்பே பட்டறைக்குத் தெரியட்டும். பதிய வேண்டிய கட்டங்களை நான்கைந்தாகக் குறைத்து, வேலைகளின் பெயர்களைப் பட்டறையில் வழங்கும் சொற்களிலேயே, தமிழில், தலைமை மெக்கானிக்கைக்கொண்டு எழுதவையுங்கள். நாற்பது வண்டிகளையும் ஒரே நாளில் ஏற்ற வேண்டாம். எட்டு ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டியிருப்பதால், அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த எஃப்.சி. வரை நடத்திப் பாருங்கள்.

கேள்வி: நான் 51 வயது மெக்கானிக், எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எங்கள் கம்பெனியிலும் இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். தவறாகப் பதிந்தால் பழி என்மேல் விழுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு வாசகர், கரூர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அந்தப் பதிவு உங்களைக் காக்கவும் செய்யும். ‘முன் டயர் மாற்ற வேண்டும்’ என்று வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். பதிந்திருந்தால், சொன்ன தேதியும் மாற்றாமல் தள்ளிப்போட்டது யார் என்பதும் அப்படியே நிற்கும். தட்டச்சுச் செய்யச் சிரமமாக இருந்தால் கைபேசியில் தமிழில் பேசியே பதியலாம். வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டால் ஒரே மாலையில் சொல்லித்தருவார்கள். உங்கள் கடவுச்சொல்லை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். வேறொருவர் உங்களுக்காகப் பதிந்தால், பக்கத்தில் நின்று, அவர் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே சேமிக்க விடுங்கள்.