லிமிடெட் எடிஷன் வாட்ச் வாங்கிச் சேர்ப்பது வீண் வேலையா?

கேள்வி இதுதான்: பெரிய பிராண்டுகளை விட்டுவிட்டு, தனியாட்கள் நடத்தும் சின்னக் கம்பெனிகள் நூறு, முந்நூறு என்று எண்ணி விடுகிற வித்தியாசமான மெக்கானிக்கல் (பேட்டரி இல்லாமல் ஸ்பிரிங்கில் ஓடும்) வாட்சுகளை வாங்கிச் சேர்க்கலாமா, திருநெல்வேலி மாதிரி ஊரில் இருந்துகொண்டு அது ஒத்துவருமா?

நான் பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது மொத்தம் ஆறு வாட்ச், அதில் ஒன்று ஓடவில்லை. அந்த ஓடாததிலிருந்தே தொடங்குகிறேன்.

அது முள் இல்லாத வாட்ச். டயலின் கீழ்ப்பாதியில் வில் மாதிரி ஒரு கோடு, அதில் 0 முதல் 60 வரை நிமிடக் கணக்கு. மணியின் எண்ணே அந்த வில்லின்மேல் நகர்ந்து போகும். 7 என்ற எண் 20-க்கு நேரே நின்றால் மணி 7.20. அது 60-ஐத் தொட்டு வெளியே போகும்போது இந்தப் பக்கம் 8 உள்ளே வரும். ஆனித் திருவிழாவில் ரதவீதி முக்கில் ஒரு தேர் திரும்பி மறைய, பின்னாலேயே அடுத்த தேர் தலையைக் காட்டுமே, அப்படி. உத்தி பழையதுதான். 1650-களில் போப் ஏழாம் அலெக்சாண்டர் ராத்திரியில் மணி பார்ப்பதற்காக ரோமில் கம்பானி சகோதரர்கள் செய்த கடிகாரத்திலேயே இது இருந்தது. நம் காலத்தில், 1997-இல் தொடங்கிய உர்வெர்க் என்ற ஸ்விஸ் கம்பெனி இதை வைத்தே பேர் வாங்கியது. உர்வெர்க் வாட்ச் விலைக்கு எங்கள் பக்கம் மனை வாங்கிப் போடலாம்.

அதனால் நான் வாங்கியது அதே உத்தியில் வேறொரு சின்னக் கம்பெனி போட்ட மலிவுச் சரக்கு. பேர் வேண்டாம். 300 பீஸ்தான் என்றார்கள், மூடியில் என் எண் 118 என்று பொறித்திருந்தது, அதைப் பார்த்து ஒரு வாரம் தூக்கம் வராத அளவுக்குச் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து அதே வாட்சை நீல டயலில் 300, அப்புறம் பச்சையில் 300 என்று விட்டார்கள் பாருங்கள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினாலாவது மாதம் ஒருநாள் காலையில் 7 பாதி வெளியே, 8 பாதி உள்ளே என்று நின்றுவிட்டது.

டவுனில் ரதவீதியை ஒட்டிய சந்தில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், நாற்பது வருஷமாக வாட்ச் ரிப்பேர். வாங்கிப் பார்த்தவர், "என்ன தம்பி, ரெண்டு முள்ளையும் தின்னுட்டானா?" என்றார். மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார். பேலன்ஸ் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஜம்மென்று ஆடிக்கொண்டிருந்தது. "கீழ இருக்கிறது ஜப்பான் மெஷின், அதுக்கு ஒரு கேடும் இல்ல. மேல இவன் வச்ச பல்சக்கரத்துலதான் ஒரு பல்லு போயிருக்கு. இதுக்கு ஸ்பேர் எங்கன்னு போயித் தேட?" கம்பெனிக்கு மெயில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. வெப்சைட்டே இல்லை.

அதே மேஜையில் அன்றைக்கு எங்கள் அப்பாவின் எச்.எம்.டி. ஜனதாவும் சர்வீசுக்குக் கிடந்தது. 17 ஜுவல், சாவி கொடுத்தால் ஓடும், விநாடிக்கு ஐந்து துடிப்பு. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் உதவியோடு பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் வாட்ச் பிரிவை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்தது. ஆனாலும் அண்ணாச்சியின் பிஸ்கட் டப்பாவில் அதன் பேலன்ஸ், மெயின் ஸ்பிரிங், கிரவுன் எல்லாம் கொட்டிக் கிடக்கின்றன. கம்பெனி போனாலும் வாட்ச் போகவில்லை.

ஆகவே வாங்குமுன் நான் இப்போது முதலில் பார்ப்பது டயலை இல்லை, உள்ளே எந்த மெஷின் என்பதை. ஜப்பானின் மியோட்டா, ஸ்விஸ் செல்லிட்டா மாதிரி ஊர் அறிந்த மெஷின் என்றால் இங்கேயே கை வைக்க ஆள் உண்டு. அதன்மேல் அவர்களாகவே ஏதாவது ஏற்றியிருந்தால், அதைச் செய்தவர் பத்து வருஷம் கழித்தும் இருப்பாரா என்று யோசிக்க வேண்டும். நேரம் துல்லியமாக வேண்டுமென்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். மியோட்டா 8215-க்கு அதன் கம்பெனியே நாளைக்கு -20 முதல் +40 விநாடி வரை போகலாம் என்றுதான் சொல்கிறது.

அடுத்தது, எண்ணிக்கை ஏன் குறைவு என்பது. எங்கள் வீட்டில் ஒரு பத்தமடைப் பட்டுப்பாய் இருக்கிறது, அம்மா அப்பா பேரும் கல்யாணத் தேதியும் சேர்த்து நெய்தது. கோரையை நூல் நூலாகக் கிழித்து, ஊறவைத்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்த பாய் அது, இன்னொன்று வேண்டுமென்றால் இன்னொரு முறை உட்கார வேண்டும். ஸ்விட்சர்லாந்தில் ஃபிலிப் டுஃபூர் 2000-இல் கொண்டுவந்த சிம்ப்ளிசிட்டி வாட்ச் மொத்தமே 200 சொச்சம்தான், அதற்கே பல வருஷம் ஆனது, ஏனென்றால் ஒவ்வொரு பாகத்தின் விளிம்பையும் அவர் கையால் மெருகேற்றினார். பிரிட்டனை ஒட்டிய மேன் தீவில் ரோஜர் ஸ்மித் என்பவரின் பட்டறையில் வருஷத்துக்கு இருபதுகூடத் தேறாது. அது கை செய்கிற கட்டுப்பாடு. நான் வாங்கிய 300-ஐக் கட்டுப்படுத்தியது விளம்பரக்காரர்.

நம்மால் எட்டக்கூடியது என்றால் சில உண்டு. மலேசியாவின் மிங் தேன் என்ற போட்டோகிராபர் 2017-இல் தொடங்கிய மிங் வாட்சின் முதல் மாடல் 900 ஸ்விஸ் ஃப்ராங்க்தான், இப்போது விலை எங்கேயோ போய்விட்டது. எம்.பி.&எஃப். கம்பெனியின் மேக்ஸ் பூஸர் விட்ட மேட் 1 சிவப்பு 2022-இல் 2,900 ஃப்ராங்க், அதையும் குலுக்கல் போட்டுத்தான் கொடுத்தார்கள். நேரம் பக்கவாட்டில் தெரியும், உள்ளே அதே மியோட்டா. நம் நாட்டில் பெங்களூர் வாட்ச் கம்பெனி 2018-இலிருந்து இருக்கிறது, ஜெய்ப்பூர் வாட்ச் கம்பெனி பழைய காசையே டயலாக வைத்துத் தருகிறது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, ஜி.எஸ்.டி. எல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் வாயைத் திறங்கள். நான் கூட்டாமல் திறந்தேன்.

முதலீடு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அவர் தன்னிடம் இருப்பதை விற்கப் பார்க்கிறார். அப்புறம் நம்மூர் வெயிலுக்குத் தோல் பட்டை ஆகாது, ஆறு மாதத்தில் நாறிவிடும். ஸ்பீக்கர் பக்கத்தில் கழற்றி வைக்காதீர்கள், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டுகிற மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் வாட்ச் தலைதெறிக்க ஓடும்.

118-ஐ நான் திரும்ப வாங்கவில்லை. அண்ணாச்சியின் கண்ணாடி அலமாரியில் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் நிற்கிறது, வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறார். போன வாரம் போனபோது மேஜையில் சின்னதாக ஒரு பித்தளைத் தகடு, அதில் பென்சிலால் வட்டம் போட்டு, சுற்றிலும் பல் பல்லாகக் குறித்திருந்தது. என்ன அண்ணாச்சி என்றேன். "கல்யாண சீசன் முடியட்டும் தம்பி, உக்காந்து அராவிப் பாப்போம்" என்றார்.