விரதத்தில் குடியை விட முடிகிறது, அதன் பிறகு முடியவில்லை: ஏற்ற ஏஏ கூட்டத்தைத் தேடுவது எப்படி?

கோலாலம்பூர், செந்தூல் வாசகர் ஒருவரின் கேள்வி: "வயது 43. கிடங்கில் ஷிப்ட் வேலை. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருக்கும்போது தண்ணியைத் தொட மாட்டேன். பத்துமலையில் காவடி இறக்கிய வாரமே மறுபடியும் ஆரம்பித்துவிடும். இந்த முறை விரதத்தின் இரண்டாம் நாள் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குப் போகச் சொல்கிறாள் மனைவி. என் ஆங்கிலம் சுமார்தான். கூட்டம் சர்ச்சில் நடக்குமாமே? தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால்? எனக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?"

முதலில் அந்த நடுக்கத்தைப் பற்றிப் பேசுவோம். தினமும் நிறையக் குடித்துப் பழகிய உடம்பு திடீரென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுங்க ஆரம்பிக்கும். சிலருக்கு முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் ஆளே குழம்பி, இல்லாததைப் பார்த்துப் பேசும் நிலையும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. அதனால் அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் அரசாங்க கிளினிக்கில் டாக்டரைப் பாருங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். வலிப்போ குழப்பமோ வந்தால் உடனே 999. கூட்டம் மனதுக்குத் துணை நிற்கும்; வலிப்பைத் தடுக்காது.

உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 48 நாள் உங்களால் இருக்க முடிகிறது. அந்த நாட்களில் வீடே உங்களோடு விரதம் இருக்கிறது, நண்பர்களும் 'அவன் மாலை போட்டிருக்கான்' என்று கிளாஸை நீட்டுவதில்லை. மாலையைக் கழற்றியதும் அந்தக் காவலும் போய்விடுகிறது. 49ஆம் நாளிலிருந்து அந்தக் காவலாக இருப்பதுதான் கூட்டத்தின் வேலை. ஆகவே 'எந்தக் கூட்டம் சிறந்தது' என்று தேடாதீர்கள். வாரா வாரம் உங்களால் போய்ச் சேரக்கூடிய, வாய் திறந்து பேசக்கூடிய கூட்டத்தைத் தேடுங்கள்.

மலேசிய ஏஏயின் இணையத்தளத்தில் கூட்டங்களின் பட்டியல் இருக்கிறது. அதை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்; இடமும் நேரமும் மாறும். அவர்களை அழைத்து, கூட்டத்தில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்களா, எல்லாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடியை விட நினைப்பவர்களுக்கு மட்டுமேயான மூடிய கூட்டமா என்று கேளுங்கள். முதல் நாள் மனைவியையும் கூட்டிப்போக ஆசை என்றால் திறந்த கூட்டம் வேண்டும்.

மொழி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். அப்பா குடித்துவிட்டு வந்த ராத்திரியை, பிள்ளையின் ஸ்கூல் காசை எடுத்துக் குடித்த நாளை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்ல முடியாது. பக்கத்தில் தமிழ்க் கூட்டம் அமையாவிட்டால், தமிழ்நாட்டுக் குழுக்கள் இணையத்தில் நடத்தும் கூட்டங்களில் சேரலாம். நமக்கும் இந்தியாவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 7:30 என்றால் இங்கே 10 மணி. ஷிப்ட் மாறுகிறவர் பகல் ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று, இரவு ஷிப்ட் வாரத்துக்கு ஒன்று என இரண்டு கூட்டங்களைப் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது.

சர்ச் என்பது பல ஊர்களில் இடம் மட்டுமே. ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பு குடியை விட வகுத்த 12 படிகளில் கடவுள் என்ற சொல் வரும். 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றும் அதில் வரும். உங்களுக்கு அது முருகனாக இருக்கலாம். சந்தாவும் கிடையாது. கடைசியில் உண்டியல் போல ஒன்று சுற்றி வரும். இருந்தால் இரண்டு வெள்ளி போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள்.

யாராவது பார்த்துவிட்டால்? உள்ளே பார்த்தவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அங்கே கேட்டதையும் பார்த்ததையும் வெளியே சொல்லக்கூடாது என்பது அவர்களின் அடிப்படை வழக்கம். அப்படியும் மனம் கேட்காவிட்டால், செந்தூலை விட்டு பெட்டாலிங் ஜெயா பக்கம் நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. ஒருவர் தொடக்க உரையை வாசிப்பார். பிறகு ஒவ்வொருவராக, முதல் பெயரை மட்டும் சொல்லி, 'நான் ஒரு குடிநோயாளி' என்று ஆரம்பித்துத் தன் கதையைப் பேசுவார். நடுவில் யாரும் குறுக்கிட்டு அறிவுரை சொல்ல மாட்டார்கள். 'இன்று கேட்க மட்டும் வந்தேன்' என்று நீங்கள் சொன்னால் அடுத்தவரிடம் போய்விடுவார்கள். முடிந்ததும் உடனே கிளம்பாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். போன் நம்பர் கிடைப்பதும், நாளை இரவு 9 மணிக்குக் கை பரபரக்கும்போது அழைக்க ஒரு ஆள் கிடைப்பதும் அந்த நேரத்தில்தான். ஒரே கூட்டத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு குணம் உண்டு. நான்கைந்து முறையாவது, முடிந்தால் வேறு வேறு இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்தச் சொல்கிற, பெரிய தொகை கேட்கிற இடம் எதுவானாலும் அங்கே திரும்பிப் போகாதீர்கள்.

உங்கள் மனைவிக்கும் ஒரு இடம் இருக்கிறது. குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு உண்டு. நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவர் போகலாம்.

இன்னொன்று. நேற்று குடித்துவிட்டதால் இன்று எந்த முகத்தோடு போவது என்று நின்றுவிடாதீர்கள். சேர்வதற்கு அவர்கள் கேட்கும் ஒரே தகுதி, குடியை விட வேண்டும் என்ற விருப்பம். போதை இறங்கவில்லை என்றால் மோட்டாரை மட்டும் எடுக்காதீர்கள். கிராப் வாடகைக் கார் பிடித்துப் போங்கள்.